ஸ்டூவர்டு வீட்டுக் கத்திரிக்காய்

"ஏளா, எந்திரி. கட்டிலுக்கு அடியில வெங்காயம் பாக்கணும்."

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். விடிந்தும் விடியாத நேரம். அப்பா கையில் டார்ச் லைட்டோடு என் தலைமாட்டில் நிற்கிறார். காலேஜ் போகிற பெண்ணை அதிகாலையில் எழுப்ப எத்தனையோ காரணம் இருக்கலாம். பரீட்சை என்று எழுப்பலாம், மாதா கோயிலில் பூசைக்கு மணி அடித்துவிட்டது என்று எழுப்பலாம். வெங்காயத்துக்காக எழுப்பப்பட்ட பெண் தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அப்பா இடுப்பைப் பிடித்தபடி மெல்ல மண்டியிட்டு, கட்டிலுக்குக் கீழே பரப்பியிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கினதெல்லாம் ஒரு பக்கம், அமுங்காதது மறு பக்கம்.

"இதெல்லாம் கெட்டுப்போச்சாப்பா?"

"கெடல. நாளைக்குக் கெடும். அதனால இன்னிக்குச் சமையலுக்கு."

"அப்போ நல்ல வெங்காயம்?"

"அதுக்கு இன்னும் முறை வரல."

எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படித்தான் போயிற்று. வீடு நிறைய நல்ல காய் இருந்தது. ஆனால் அதில் ஒரு நல்ல காயைக்கூட நாங்கள் தின்றதில்லை.

கரைக்கு வந்த ஸ்டோர்

போன வாரம் அப்பாவின் பெல்ட்டைப் பற்றி எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகி, "அப்பா அடிப்பாரா?" என்று கவலையோடு விசாரித்திருக்கிறார். ஐயோ தாயே, அது இடுப்புவலிக்குக் கட்டுகிற பெல்ட்! அந்த வலியால்தான் அவர் வேலையே போனது.

அப்பா கப்பலில் சீஃப் ஸ்டூவர்டு. கப்பலுக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமானை வாங்குவது, பாதுகாப்பது, அன்றன்றைக்குச் சமையலுக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. வருஷத்தில் ஒரு மாதம் வீட்டுக்கு வருவார், விருந்தாளி போல உட்கார்ந்து மீன் சாப்பிடுவார், திரும்பிப் போய்விடுவார். ஊரே அவரை 'ஸ்டூவர்டு' என்றுதான் கூப்பிடும். இடுப்பு எலும்பில் என்னவோ விலகிவிட்டது, இனி கப்பல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், ஒரு இரும்புப் பெட்டியோடு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார்.

முதல் வாரம் சும்மா இருந்தார். இரண்டாம் வாரம், "காய்கறி நான் போய் வாங்கிட்டு வாரேன்" என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் பையைக் கொடுத்து அனுப்பினாள்.

அப்பா மாட்டு வண்டியில் திரும்பி வந்தார். வண்டி கொள்ளாத மூட்டைகள்.

"மாதாவே! யாரு வீட்டுல கல்யாணம்?" என்றாள் அம்மா.

"மூணு மாசத்துக்கு ஆச்சு," என்றார் அப்பா, பெல்ட்டை இறுக்கிக்கொண்டே.

"மூணு மாசத்துக்கா? மார்க்கெட்டு எங்கயும் ஓடியா போகுது?"

"கடல்ல கடை கிடையாதுளா."

"நாம என்ன கடல்லயா குடியிருக்கோம்? இந்தா தெரு முனையத் தாண்டுனா மார்க்கெட்டு!"

மூட்டைகளை எங்கே வைப்பது என்று அப்பா ஏற்கெனவே வீட்டை அளக்க ஆரம்பித்திருந்தார்.

பூசணிக்கு ஊஞ்சல்

இருட்டான அறை உருளைக்கிழங்குக்குத் தேவை என்று என் அக்கா மெர்சியின் அறை பறிபோனது. அவள் என் அறைக்கு வந்தாள். என் கட்டிலுக்குக் கீழே வெங்காயம், அவள் கட்டிலுக்குக் கீழே சேப்பங்கிழங்கு. பழைய மீன்வலையில் ஊஞ்சல் கட்டி, ஹாலில் பூசணிக்காய்கள் தொங்கின. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும். கடற்கரை மணலை உப்புப் போக அலசிக் காயவைத்து, மரப்பெட்டியில் நிரப்பி, கேரட்டையும் இஞ்சியையும் அதற்குள் புதைத்தார். எலுமிச்சம்பழம் உப்பு ஜாடிக்குள் போனது. கத்திரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் ஈரச்சாக்கு; அவை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுசாக வண்டியில் வந்து இறங்கின.

முட்டைக்கோஸை ஒவ்வொன்றாக நியூஸ்பேப்பரில் சுற்றி, அம்மாவின் துணி அலமாரியில் அடுக்கினார். காற்றோட்டம் அங்கேதான் சரியாக இருக்கிறதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனாள். முன்வரிசைக்காரி பிரசங்கம் முடிகிற வரைக்கும் மூக்கைச் சுளித்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கலாமே என்று அக்கா கேட்டதற்கு, "கரண்டு போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வாழைத்தார்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உத்தரத்தில் தொங்கவிட்ட அத்தனையும் ஒரே நாளில் பழுத்துத் தொலைந்தன. காலையில் பழம், மத்தியானம் பழம், ராத்திரி பழம். தெரு முழுக்கக் கொடுத்தோம். பங்குச் சாமியார் இருக்கிற கோயில் பங்களாவுக்குக் கொடுத்தோம். கடைசியில் சாமியாரே, "போதும்மா, இனி அனுப்பாதீங்க" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டார்.

ஆப்பிள் வாசம்

பழம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இது நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது.

அப்பா லீவில் வரும்போது வெளிநாட்டு ஆப்பிள் கொண்டுவருவார். ஒவ்வொரு பழமும் ஊதா நிற மெல்லிய தாளில் சுற்றியிருக்கும். அந்தத் தாளை நாங்கள் பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்குள் வைத்து மோந்து மோந்து பார்ப்போம். ஆப்பிளை அம்மா எங்கள் கையில் தர மாட்டாள். இரும்புப் பெட்டிக்குள், பட்டுச் சேலைகளோடு வைத்துப் பூட்டி, ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு கீற்று நறுக்கித் தருவாள்.

அந்தப் பெட்டிக்குள் பூச்சிக்குப் போட்ட பாச்சா உருண்டை கிடக்கும். அதனால் ஆப்பிள் என்றாலே பாச்சா உருண்டை வாசம் அடிக்கிற பழம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கல்யாணமாகி மெட்ராஸுக்குப் போய், முதல்முதலாகக் கடையில் ஆப்பிள் வாங்கித் தின்றுவிட்டு, "இதுல வாசமே இல்லையே, பழசா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவள் நான். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

காலை இஷ்யூ

கப்பலில் ஒரு சட்டம் உண்டாம். முதலில் கெடப்போவது எதுவோ அது முதலில் சமையலுக்குப் போக வேண்டும். ஒரு காயும் வீணாகக் கூடாது. நடுக்கடலில் அது ரொம்பச் சரி. அதையே அப்பா வீட்டிலும் வைத்தார்.

தினமும் காலையில் உருளைக்கிழங்கு அறை வாசலில் அம்மா முறத்தோடு நிற்க வேண்டும். உள்ளேயிருந்து அப்பா அன்றைய காயை எடுத்துக் கொடுப்பார். அதற்குப் பெயர் 'இஷ்யூ'. சூம்பின கத்திரிக்காய், முற்றி நாராய்ப்போன வெண்டைக்காய், ஓரம் கறுத்த கோஸ். ஒரு பக்கம் அழுகினதை நறுக்கிப் போட்டுவிட்டு மறு பக்கத்தைத் தருவார்.

"இந்தப் பக்கம் பிஞ்சு கத்திரிக்கா கிடக்கே, அதக் குடுங்களேன்," என்பாள் அம்மா.

"அதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு."

ஒரு வாரம் கழித்து, அது நன்றாகச் சூம்பினபிறகு, மரியாதையாக எங்கள் குசினிக்கு வந்து சேரும். குசினி என்றால் சமையல்கட்டு. எங்கள் கடற்கரை வீடுகளில் அப்படித்தான் சொல்வோம், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.

இதற்கு முன்னால் அம்மாவின் காலை வேறு மாதிரி இருக்கும். ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் பேச்சியம்மா கூடையோடு வருவாள். வாசலில் கூடையை இறக்கினதும் ஈரக் கீரையின் வாசம் ஹால் வரைக்கும் அடிக்கும். அம்மா ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பாள். பேச்சி, "ஒடிச்சத எடுத்துக்கிடணும் யக்கா" என்பாள். விலை பேசுவதில் பாதி, ஊர்க்கதை பேசுவதில் பாதி. அந்த நேரம் அம்மாவுக்கே அம்மாவுக்கு. புருஷன் கடலில் இருக்க, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தனியாகக் குடித்தனம் நடத்தியவளுக்கு இன்றைக்கு வீட்டில் என்ன கறி என்று தீர்மானிப்பது சின்ன விஷயமில்லை.

அப்பா முதல் நாளே பேச்சியை, "வேண்டாம்மா, ஸ்டாக் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் அம்மா குசினியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அக்காவும் பயந்துபோனோம்.

"இத்தனை வருசம் என்ன ஆக்கணும்னு நான்தான முடிவு பண்ணேன்? இப்போ அழுகுற காய் முடிவு பண்ணுது. இந்த வீட்டுல நான் யாருளா? இப்படியே போச்சுன்னா புன்னைக்காயலுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க அன்னன்னிக்குப் பிடிச்ச மீன அன்னன்னிக்குத் திங்காவ."

அம்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. அலமாரியிலிருந்து கோஸ் வாசச் சேலைகளை எடுத்து வெயிலில் காயப்போட ஆரம்பித்திருந்தாள். பெட்டி கட்டுவதற்கு முன்னால் அதைத்தான் செய்வாள்.

வெண்டைக்காய்க் கடத்தல்

யோசனை சொன்னது அக்கா.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கடத்தல் என்றால் கைக்கடிகாரம், நைலான் சேலை. எங்கள் வீட்டில் வெண்டைக்காய். அப்பா முகச்சவரம் செய்ய உட்கார்ந்தால் இலங்கை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். பாட்டுக் கேட்டபடி நிதானமாகச் சிரைப்பார். அந்த நேரத்தில் பேச்சி பின்வாசல் வழியாக வருவாள். நான் ஹால் பக்கம் காவல். அப்பா எழுந்தால் இருமுவேன். அந்த வருஷம் நான் இருமின இருமலைப் பார்த்து அப்பாவே எனக்கு டானிக் வாங்கி வந்தார்.

வாங்கின காய் அழுக்குத் துணிக் கூடைக்குள் போகும். அப்பா இஷ்யூ பண்ணின காய் பக்கத்து வீட்டு லூர்தம்மாவின் ஆட்டுக்குப் போகும். ஆடு தினமும் எங்கள் பின்வாசலில் வந்து நிற்கப் பழகிவிட்டது.

"லூர்தம்மா ஆடு என்ன இப்படிக் கொழுத்துப் போச்சு?" என்று அப்பா ஒருநாள் ஆச்சரியப்பட்டார்.

"வேப்பங்குழை தின்னுருக்கும்," என்றாள் அம்மா.

ஆனால் இதில் ஒரு வினை இருந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்து புது வெண்டைக்காயை மெல்லுகிற அப்பா, அது தன் ஸ்டோர் காய் என்றே நினைத்தார். "பாத்தியளா? பத்து நாளான வெண்டைக்கா! எப்படி வச்சிருக்கேன் பாத்தியளா?" என்பார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ரசம் ஊற்றுவாள். அப்பா அதோடு விட்டாரா? பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசினார். டீக்கடையில் பேசினார். துறைமுகத்துக்குப் போய்ப் பழைய ஆட்களிடம் பேசினார். தன் கையில் இருந்தால் காய் கெடாது என்று அவரே முழுசாக நம்பிவிட்டார்.

அந்தப் பெருமையில்தான் காசிம் காக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பண்டாரி வந்தார்

காசிம் காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். அப்பாவோடு அதே கப்பலில் வெகுகாலம் சமையல்காரராக இருந்தவர். கப்பலில் சமையல்காரரைப் 'பண்டாரி' என்பார்கள். அப்பா எடுத்துக் கொடுப்பார், அவர் ஆக்குவார். நல்ல மனுஷர், ஆனால் முன்கோபம். வெள்ளைச் சட்டையும் கைலியுமாக, ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்து, பூசணிக்காய்களுக்குக் கீழே குனிந்து நுழைந்தார்.

சீலா மீன் குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய். அப்பா அன்றைக்கு இஷ்யூ பண்ணின கத்திரிக்காயைப் பார்த்து அம்மா, "இத ஒரு விருந்தாளிக்கு வச்சா என் மானம் போயிரும்" என்று முழுசையும் ஆட்டுக்குத் தள்ளிவிட்டு, அன்று காலை பேச்சியிடம் வாங்கினதைத்தான் ஆக்கியிருந்தாள்.

"பண்டாரி, இந்தக் கத்திரிக்கா வாங்கி எத்தனை நாளிருக்கும்? சொல்லும் பாப்போம்," என்றார் அப்பா.

காக்கா ஒரு காயை விரலால் பிளந்து, விதையைப் பார்த்து, வாயில் போட்டார். "காலைல பறிச்சது."

அப்பா சிரித்தார். "ரெண்டு வாரம்!"

"ரெண்டு வாரமா?"

"ரெண்டு வாரம். ஐஸ் ரூம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஈரச்சாக்கும் என் கையும்தான்."

காக்கா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அப்போ கப்பல்ல ஏன் எனக்கு இப்படி ஒரு காய நீரு தரல?"

"என்ன வே சொல்லுதீரு?"

"ஐஸ் ரூம் வச்சிருந்தும் சூம்பினதத்தான வே எனக்கு இஷ்யூ பண்ணீரு? கேட்டா, ரெண்டு வாரத்துல கத்திரிக்கா இப்படித்தான் ஆவும் பண்டாரி, யாரும் ஒண்ணும் செய்ய முடியாதும்பீரு. எனக்கு ஆக்கத் தெரியலன்னு கேப்டன் தட்டத் தூக்கி எறிஞ்சானே, நீரு பாத்துக்கிட்டுதான நின்னீரு? நல்ல காயெல்லாம் எங்க போச்சு? எந்தத் துறைமுகத்துல வித்தீரு?"

ஸ்டோர் சாமானைத் துறைமுகத்தில் விற்பவன் என்பதுதான் ஒரு ஸ்டூவர்டைச் சொல்லக்கூடிய ஆக மோசமான வசவு. அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட அப்படி வெளியே விட்டவரில்லை. இடுப்பு போய், வேலை போய், அந்த நல்ல பேர் ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருந்தது. கத்திரிக்காய் ரெண்டு வாரம் இப்படி நிற்காது என்று சொன்னால் பெருமை பொய். நிற்கும் என்றால் அவர் திருடன்.

காக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தே விட்டார்.

குசினி வாசலில் நின்ற அம்மா கையிலிருந்த கரண்டியோடு நடுஹாலுக்கு வந்தாள்.

"காக்கா, உக்காருங்க. அந்தக் காயி இன்னிக்குக் காலைல பேச்சி கூடையில வாங்குனது. பின்வாசல் வழியா வாங்குனேன். இவிய ஸ்டோர்ல உள்ளத பூராவும் பக்கத்து வீட்டு ஆடு திங்குது. இவிய ஒரு காயக்கூட யாருக்கும் வித்தவிய இல்ல. விக்கத் தெரிஞ்ச ஆளுன்னா நாங்க ஏன் மொதல்ல சூம்பலத் தின்னுட்டுக் கெடந்தோம்?"

அப்பா அம்மாவையே பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஆச்சு, மாசக்கணக்கா."

"அந்த வெண்டைக்கா?"

"கூடை."

"புடலங்கா?"

"கூடை."

"பூசணிக்கா?"

"பூசணிக்கா ஒங்களுதுதான்," என்றாள் அம்மா. "அது நல்லாத்தான் இருந்துச்சு."

காசிம் காக்கா முதலில் சிரிக்கப் பார்த்து அடக்கினார். பிறகு முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மன்னிச்சுக்கிடும் ஸ்டூவர்டு, நாக்கு என் நாக்கில்ல" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து, மறுசோறு வாங்கி, கத்திரிக்காயை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அப்பா சிரிக்கவில்லை. காக்காவை வழியனுப்பிவிட்டு வந்து, உருளைக்கிழங்கு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு வார்த்தை ஏசிட்டா நல்லாருக்கும்," என்றாள் அம்மா எங்களிடம். "அவிய பேரு கெட்டிரக் கூடாதுன்னுதான சொன்னேன். மனசு நொந்துட்டாவளே, ஏளா."

ஒரு நாளைக்கு

மறுநாள் காலையில் என்னை யாரும் எழுப்பவில்லை. இஷ்யூ இல்லை. ரேடியோவும் இல்லை. நான் பதறிப்போய் எழுந்து குசினிக்கு ஓடினேன். அங்கே அம்மாவும் அக்காவும் அடுப்பைப் பற்றவைக்காமல் பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

வழக்கம்போலப் பதுங்கிப் பதுங்கி வந்த பேச்சி அவரைப் பார்த்ததும் கூடையோடு திரும்பினாள்.

"ஓடாதம்மா. எறக்கு," என்றார் அப்பா.

பேச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். கூடை இறங்கியது. அப்பா ஒரு கத்திரிக்காயை எடுத்துப் பழக்க தோஷத்தில் கட்டைவிரலால் அமுக்கினார். அது அமுங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். பிறகு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கூடைக்கு மேலே கையை நீட்டினபடி அப்படியே இருந்தார்.

"திரேசு," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்குன்னா எவ்வளவு எடுக்கணும்?"

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரு கப்பல் ஆட்களுக்கு அடுத்த துறைமுகம் வரைக்கும் என்ன வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். தன் வீட்டுக்கு, ஒரு நாளைக்கு, அவர் ஒருதடவைகூட வாங்கினதில்லை.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கத்திரிக்காய்களைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"இவ்வளவுதான் வாங்குவேன். எனக்கும் பிள்ளைகளுக்கும்."

பிறகு கூடைக்குள் கையை விட்டு, நல்ல பிஞ்சாகப் பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்து மேலே வைத்தாள்.

"இது ஒங்களுக்கு."

அப்பா முறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு?"

"நாளைக்கும் பேச்சி வருவா," என்றாள் அம்மா. "நாளைக்கும் நீங்க இங்கனதான இருப்பிய?"

அப்பா மடியில் இருந்த இரண்டு காயையும் எடுத்து முறத்தில் போட்டார்.

"ஆமா," என்றார், பேச்சியிடம் சொல்வதுபோல. "நான் இனிமே இங்கனதான் இருப்பேன்."